சைலன்சருக்கு முட்டைப் பூச்சு

குனிந்து பார்ப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெருவில் ஒரு கார் நின்று, அதன் அடியிலிருந்து மெக்கானிக்கின் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், எங்கிருந்தோ வந்துவிடுவார். வந்ததும் பேசமாட்டார். வேட்டியை மடித்துக் கட்டி, கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, டயரை ஓர் உதை உதைத்து, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிக் குனிந்து அடியில் பார்த்து, எழுந்து, ‘ம்ஹூம்’ என்பார். மெக்கானிக்கின் இருபது வருஷத் தொழில் அந்த ஒரு ‘ம்ஹூ’மில் போயிற்று. அவருக்குக் கார் உண்டா? கிடையாது. ஓட்டத் தெரியுமா? அதுவும் கிடையாது. சைக்கிள் செயின் கழன்றால் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிற ஆள்தான். இவரை அடையாளம் காண ஒரு சுலபமான வழி: வேட்டியில் வலது முழங்கால் படும் இடத்தில் வட்டமாக ஒரு மண்கறை இருக்கும். எந்தச் சோப்புக்கும் அது போகாது.

எங்கள் காரைக்குடித் தெருவுக்கு வாய்த்தவர் முத்துராமலிங்கம். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் காகிதம் கட்டி வைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். எனக்கு வாய்த்தது ஒரு கார். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டைப் பாகம் பிரித்தபோது யாருக்கும் வேண்டாமல் கொட்டகையில் நின்ற 1938ஆம் வருஷத்துச் சீமைக் கார் அது. வண்டியைக் குறை சொல்ல முடியாது. சத்தம்தான் கொஞ்சம். எஞ்சினின் புகையைப் பின்னால் கொண்டுபோகும் குழாயும், சத்தத்தை அடக்கும் சைலன்சரும் சேருகிற இடம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால், நான் கழனிவாசலில் திரும்பும்போதே வீட்டில் எனக்கு இலை போட்டுவிடுவார்கள்.

இதில் என் மனைவி புஷ்பவள்ளிக்கு ஒரு தீராத ஆத்திரம். அவள் தங்கை உமையாளைப் பெண் பார்க்க மானாமதுரையிலிருந்து வந்தவர்களை இந்தக் காரில்தான் அழைத்து வந்தேன். புகை உள்ளே வந்து, பையனின் தாயாருக்கு மயக்கம் வந்து, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் பஸ் ஏறிப் போனார்கள். கடுதாசியும் வரவில்லை. 1967 தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, சிவகங்கையிலிருந்து அடுத்த இடம் நாலு மணி ரயிலில் வருவதாக ஏற்பாடு. இந்தத் தடவையும் வண்டி கத்தினால், தங்கச்சி கல்யாணம் நின்றதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்வேன் என்றாள் புஷ்பவள்ளி. சொல்லக்கூடியவள்தான். குதிரை வண்டி பிடித்திருக்கலாமே என்கிறீர்களா? வாசலில் கார் நிற்கும்போது குதிரை வண்டியில் போக எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

மெக்கானிக் சோணை அன்று காலையிலேயே புதுக் குழாயும் புதுச் சைலன்சரும் மாட்டினார். புகை கசியாமல் இணைப்பில் சுற்றுகிற, சூடு தாங்கும் கல்நார்க் கயிறு மட்டும் கையில் இல்லை. அதை வாங்கத் தேவகோட்டைக்குப் பஸ் ஏறுமுன் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்: “அண்ணே, எல்லா நட்டையும் லூசாத்தான் விட்டிருக்கேன். கயிறைச் சுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, சூட்டுல கொழாய் நீண்டு தன் எடத்துல உக்காந்த பெறகுதான் முறுக்கணும். நான் வர்ற வரைக்கும் யாரையும் கைவைக்க விடாதீக.”

பஸ் கிளம்பியிருக்காது. முத்துராமலிங்கம் வந்துவிட்டார். சுற்றினார். உதைத்தார். குனிந்தார். ம்ஹூம்.

நட்டையெல்லாம் முறுக்க மறந்துவிட்டுப் போயிருக்கிறான் பாருங்கள் என்றார். நான் விளக்கினேன். விளக்கம் அவருக்குச் சிரிப்பை மூட்டியது. மணி மூன்று ஆயிற்று, சோணையைக் காணோம். ஸ்பேனருக்காகக் கை நீட்டினார். எடுத்துக் கொடுத்தது யார்? நான்தான். மறைப்பானேன்?

முறுக்கினார் பாருங்கள், குழாய்க்கு மூச்சு விட இடமில்லாமல் முறுக்கினார். பிறகு கயிறு இல்லாத குறைக்கு வந்தார். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குச் செட்டிநாட்டுப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பை மை போல அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசினால் சுவரில் முகம் பார்க்கலாமே, அந்தப் பூச்சு. கொத்தனார் மலையாண்டியிடமிருந்து அதில் ஒரு சட்டி வாங்கி வந்துவிட்டார்.

“தம்பி, நூறு வருசமா மழையும் வெயிலும் குடிச்ச செவரு ஒரு கீறல் விடல. இந்தக் கொழாய்ச் சூடு என்ன பெரிய சூடு? கயித்தைக் கட்டுறதுக்கு இது என்ன மாடா?”

அவர் நாலு விரல் கனத்துக்குப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகும் ஏற்றினார். அவ்வளவு அழகான இணைப்பை எந்தக் காரிலும் நான் பார்த்ததில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும்போது வண்டி பூனை மாதிரி போயிற்று. முன் சீட்டில் முத்துராமலிங்கம். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் என்னத்தைச் சொல்ல! ரயில் வந்தது. பையன், அவன் தகப்பனார் மாயக்கண்ணன், தாயார் அம்மாக்கண்ணு மூவரையும் பின் சீட்டில் ஏற்றினேன். பாதி வழியில் ஒரு வாசனை கிளம்பியது. முதலில் கருப்பட்டிப் பாகு. சரி, ரோட்டோரத்து வீட்டில் பலகாரம் என்று நினைத்துக்கொள்ளலாம். அடுத்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஆம்லெட். அம்மாக்கண்ணு அம்மாள் வெள்ளிக்கிழமை விரதம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என் முதுகையே பார்த்தார்கள். கண்ணாடியில் எனக்கு அது தெரிந்தது.

அடுத்து, நகர இடமில்லாமல் நெளிந்த குழாய் டமார் என்று இணைப்பை விட்டு வெளியே வந்தது. சுண்ணாம்புச் சில்லுகள் நாலா பக்கமும் பறந்தன. சைலன்சர் ரோட்டில் விழுந்து உருண்டது. எல்லோரும் இறங்கினோம். உமையாள் கல்யாணம் அந்த ரோட்டில்தான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் புஷ்பவள்ளி முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்போது மாயக்கண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரை உதைத்தார். வலது முழங்காலை ஊன்றிக் குனிந்தார். ஒரு சுண்ணாம்புச் சில்லை எடுத்து முகர்ந்து, “கடுக்காய் பத்தல,” என்றார். முத்துராமலிங்கம் பக்கத்தில் ஊன்றி, கருப்பட்டிதான் கூடிவிட்டது என்றார். அதோடு இருவரும் உலகத்தை மறந்தார்கள்.

அம்மாக்கண்ணு அம்மாள் பெருமூச்சு விட்டார்கள். “எங்க வீட்டுலயும் இதே கதைதான் தம்பி. கெணத்து மோட்டாரை மூணு தடவை கழட்டிட்டாக. மாட்டத்தான் ஆளு வரணும். நீங்க வாங்க, நாம நடப்போம்.”

வீட்டில் அம்மாவையும் பையனையும் உட்காரவைத்து உமையாள் காபி கொடுத்தாள். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. வீட்டு ஆம்பிளைகள் எதையாவது கழற்ற உட்கார்ந்தால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார்கள்.

“ஸ்பேனரை ஒளிச்சு வச்சிருவேன் அத்தை,” என்றாள் உமையாள்.

பங்குனியில் கல்யாணம். தன் பூச்சு முடித்துவைத்த சம்பந்தம் என்று முத்துராமலிங்கம் பந்தல் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சோணை மட்டும் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

கதை முடிந்தது. ஆனால், ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போது, பூச்சை ஒரு நாள் காயவிட்டிருக்கலாம் என்றோ, கூடக் கொஞ்சம் மணல் சேர்த்திருந்தால் நின்றிருக்கும் என்றோ உங்கள் மனசுக்குள் ஓடியதா இல்லையா? ஓடியிருந்தால், தயவுசெய்து உங்கள் வலது முழங்காலைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.