ஷாம்பு அக்காவும் இருபதாவது தலையும்

ஆரணியில் யார் தலையில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடக்கூடிய ஒரே ஆள் ஷாம்பு அக்காதான். இதில் சந்தேகமே வேண்டாம். என்ன எண்ணெய், என்றைக்கு வைத்தது என்பதையும் சேர்த்தே சொல்வார். நான் உளவியல் முதுகலை படித்த கல்லூரியில் அவர் ஆய்வுக்கூட உதவியாளர். விடியற்காலையில் வீட்டில் பட்டுத்தறி, பத்து மணிக்கு மேல் எங்கள் மூளைகள்.

மூளைகள் என்று சும்மா சொல்லவில்லை. வேறொரு கல்லூரியிலிருந்து இரவலாக ஓர் இ.இ.ஜி. இயந்திரம் வந்திருந்தது. தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அதிலுள்ள முப்பத்திரண்டு ஓட்டைகளிலும் ஜெல் விட்டால், மூளையின் மின் அலைகள் கணினித் திரையில் கோடுகளாக ஓடும். ஜெல் தோலில் சரியாகப் பட்ட இடத்துக்குத் திரையில் பச்சைப் புள்ளி. நடுவில் எண்ணெய் இருந்தால் சிவப்பு. இருபத்தெட்டு பச்சை வந்தாலே பேராசிரியருக்குப் போதும். அக்காவுக்கு முப்பத்திரண்டும் வேண்டும்.

"ஒண்ணு மட்டும் செவப்பா கீது பாரு. அது இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு மறுபடி ஜெல்லை எடுப்பார்.

ஒருநாள் துறைத்தலைவரே ஆசையாகத் தொப்பி மாட்ட வந்து உட்கார்ந்தார். அவர் தலையில் மிச்சமிருந்ததே கொஞ்சம்தான். அக்கா மூக்கைச் சுருக்கினார். "சார், நேத்து வெளக்கெண்ண வெச்சீங்களா?" அடுத்த ஐந்தாவது நிமிடம் துறைத்தலைவர் குழாயடியில் குனிந்து நின்றார். அக்கா கைப்பையிலிருந்து சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டில் ஒன்று அவருக்கும் கிழிக்கப்பட்டது. அந்தச் சரத்தால் வந்ததுதான் பெயர்.

முள்ளிப்பட்டிலிருந்து ஓர் அம்மாள் மருமகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். "மனசுல இருக்கறதெல்லாம் மிஷின்ல தெரியுமாமே? இவ என்னப் பத்தி இன்னா நெனச்சிகினு கீறான்னு பாத்துச் சொல்லும்மா."

"அதுக்கு மிஷினு எதுக்குங்க?" என்றார் அக்கா. "அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்தாலே தெரியுதே."

இனி என் கதைக்கு வருகிறேன். தறி நெய்யும் பெண்கள் இருபது பேரின் மூளை அலைகளைப் பதிவு செய்வது என் ஆய்வு. இருபதுக்கு ஒன்று குறைந்தாலும் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். படிப்பை முடித்தால் சென்னையில் வேலை காத்திருந்தது. முடிக்காவிட்டால் வீட்டில் மாப்பிள்ளை காத்திருந்தார். சனிக்கிழமை காலை இயந்திரத்தைத் திருப்பி எடுத்துப்போக வண்டி வருகிறது. வியாழன்வரை பன்னிரண்டு பேர் முடிந்திருந்தார்கள். மீதி எட்டுப் பேரை வெள்ளிக்கிழமை காலை வரச்சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாம்பிராணி காட்டி, போதாததற்கு இன்னொரு கை எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, கனகாம்பரமும் சூடிக்கொண்டு ஏழு பேர் பளபளவென்று வந்து நின்றார்கள். முதல் ஆளுக்குத் தொப்பி மாட்டினேன். திரையில் முப்பத்திரண்டும் சிவப்பு.

"பொம்பளைங்கள வெள்ளிக்கெழம வரச்சொன்னது யாரு?" என்றார் அக்கா.

"நான்தாங்க்கா."

"எந்த ஊரும்மா நீ?"

"போளூர்."

"ஏன், போளூர்ல வெள்ளிக்கெழமயே வராதா?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அழுவாத. நீ அழுதா அவங்க தலையில எண்ண போவாது" என்று சொல்லிவிட்டு அக்கா பாக்கெட் சரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார். பின்னாலேயே ஏழு பேரும் வரிசையாகப் போனார்கள்.

"ஒரே நாள்ல ரெண்டு தரம் தலைக்கு ஊத்திகினா சளி புடிக்கும்க்கா" என்று ஒருத்தி முறையிட்டாள்.

"புடிச்சா கஷாயம் வெச்சுத் தர்றேன். ஜல்தி குனி!"

கனகாம்பரச் சரங்கள் வாடாமல் எங்கள் ஜெல் கிண்ணங்களில் தண்ணீரில் மிதந்தன. நாலரை மணிக்கு ஏழு பேரும் முடிந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முப்பத்திரண்டு பச்சை. எட்டாவது பெண்ணிடமிருந்து ஃபோன்தான் வந்தது. வெம்பாக்கத்தில் தங்கைக்குப் பிரசவ வலி, ஓடியிருக்கிறாள். பத்தொன்பதோடு நின்றேன். கல்லூரி பூட்ட ஒரு மணி நேரம் இருந்தது.

"அக்கா, நீங்களும் தறி நெய்யறவங்கதானே?"

அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார். வேலை நேரத்தில் எப்போதும் ஒரு நீலத் துணித்தொப்பி போட்டிருப்பார். சுத்தத்துக்காக என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா."

நான் மெதுவாகக் கழற்றினேன். உள்ளே தேங்காய் எண்ணெய். கொஞ்சநஞ்சமல்ல, ஏழு பேர் தலையில் இருந்ததும் சேர்ந்தால்தான் அவ்வளவு வரும்.

"வெள்ளிக்கெழமயாச்சே" என்றார், சின்னக் குரலில்.

மூன்று பாக்கெட் ஆனது. நான்தான் தேய்த்துவிட்டேன். "காதுல தண்ணி போவுது! ஷாம்புவ இப்டியா போடுவாங்க?" என்று குழாயடியே அதிர்ந்தது. தொப்பி மாட்டினேன். முப்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு. நேரமாகிறதே என்று பதிவைத் தொடங்கப் போனேன்.

"வுடாதம்மா" என்றார் அக்கா. "அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

அதுவும் பச்சையானது. ஐந்து நிமிடம் கண்ணை மூடி, வாயையும் மூடி உட்கார்ந்திருந்தார். இருபது பேரில் அவ்வளவு தெளிவான கோடுகள் வேறு யாருக்கும் வரவில்லை.

"கோடு எப்டிம்மா கீது?"

"அழகா இருக்குக்கா."

"பின்ன? யாரு தலை!"

பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். நான் சென்னைக்கு வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஒப்புதல் படிவத்தில் அக்கா கையெழுத்துப் போட்டபோதுதான் அவருடைய உண்மைப் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். ஆய்வில் பங்கேற்றவர் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி, அதனால் உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறை ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கும்போதும் அந்தப் பெயரை ஒருதரம் எனக்குள் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.