ஏழாம் நம்பர் ஒயின்

செபாஸ்டின் வீட்டு ஒயினை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று பொங்கியண்ணன் சபதம் எடுத்தது தை மாதம் இரண்டாம் தேதி, மாட்டுப் பொங்கலன்று. கையில் மாட்டுக்குப் பூசுகிற காவி. மனசு முழுக்கப் பொறாமை.

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பொங்கியண்ணனுக்குத் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் செபாஸ்டின் தோட்டம். கோட்டயத்துப் பக்கமிருந்து வந்து எட்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அந்த மனுஷன் கடலை போட்டால் கடலை விளைகிறது. கிணறு வெட்டினால் தண்ணீர் வருகிறது. இந்த அக்கிரமங்களையெல்லாம் பொங்கியண்ணன் பொறுத்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்குச் செபாஸ்டின் கொடுத்தனுப்பிய ஒரு பாட்டில் ஒயினைத்தான் பொறுக்க முடியவில்லை.

காரணம், மனைவி மருதாத்தாள். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் பொங்கியண்ணனுடைய எதையும் புகழ்ந்தது கிடையாது. மீசையைக்கூட. அப்படிப்பட்டவள் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, செபாஸ்டினண்ணன் ஒயினு இருக்குதே..."

"இருந்தா இருந்துட்டுப் போவுது."

"ஒரு மூடி குடிச்சனுங்க. மூட்டுவலிக்கு நல்லதுன்னு சந்தனமேரி சொன்னா."

சந்தனமேரி, செபாஸ்டினின் மனைவி.

"மூட்டுவலியா? உனக்கா? இன்னிக்குக் காத்தால எருமையத் தொரத்திட்டு வாய்க்கா மேட்டுல ஓடுனியே!"

"ஒயினு குடிச்சதுனாலதானுங்க ஓட முடிஞ்சுது."

அதற்கப்புறம் அவர் சோற்றில் நிம்மதியாகக் கை வைத்ததில்லை. மோர் நன்றாயிருக்கிறது என்றால், "மோரு கெடக்குது, அந்த ஒயினுக்கு ஆவுமா" என்பாள். பாயசத்துக்கும் அதே பதில். பொங்கலன்று கோயிலில் கொடுத்த தீர்த்தத்தைக் குடித்துவிட்டுக்கூட அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பொங்கியண்ணன் முறைத்த முறைப்பில் சாமி பயந்தாலும் பயந்திருக்கும்.

மாட்டுப் பொங்கலன்று அவளே சேதியும் கொண்டுவந்தாள்.

"எர்ணாகுளத்துல பழத்தோட்டக்காரங்க சங்கத்துல கண்காட்சி வெக்கறாங்களாமா. புதுசு புதுசா ஒயினு வருமாமா. ஆரு வேணும்னாலும் போயி ருசி பாக்கலாமாமா. சந்தனமேரி சொன்னா."

"ஓ."

"எத்தன வந்து என்னுங்க? செபாஸ்டினண்ணனுதுக்குக் கிட்ட நிக்குமா?"

பொங்கியண்ணன் காவிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"கெளம்பு. எர்ணாகுளம் போறோம்."

"நானெதுக்குங்க?"

"அதுல ஒசத்தியானத நான் கண்டுபிடிக்கிறேன். நீ குடிச்சுப் பாத்துட்டு, செபாஸ்டினுது ஒண்ணுமில்லேன்னு உன் வாயால சொல்லோணும்."

"அத்தன தொலவு போறமுங்க. அப்பிடியே கடலயும் ஒரு எட்டுப் பாத்துட்டு..."

கடல் பார்க்க வேண்டும் என்பது மருதாத்தாளின் பதினோரு வருஷத்து ஆசை. அத்தனை வருஷமும் பொங்கியண்ணன் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தார். அம்புட்டும் உப்புத்தண்ணி, குடிக்க ஆவாது, பாசனத்துக்கும் ஆவாது, அதப் போயி எதுக்குப் பாக்கோணும்? இன்றைக்கு அவருக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அந்தப் பதில் மறந்துபோயிற்று.

"பாத்துத் தொல!" என்றார்.

தை கடைசியில் இருவரும் பாலக்காட்டில் ரயிலேறி எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தார்கள். பொங்கியண்ணன் உடம்பில் சலவைக்குப் போட்டெடுத்த வெள்ளைச் சட்டை.

மண்டபத்தில் ஒன்பது பாட்டில்கள். யாருடையது என்று தெரியாதபடி காகிதம் சுற்றி, நம்பர் மட்டும் எழுதியிருந்தது. எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பட்டணத்து ஆட்கள் கண்ணாடிக் குவளையை ஆட்டினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், வாயில் வைத்துக் கொப்புளித்துப் பக்கத்து வாளியில் துப்பினார்கள்.

"துப்பறதுக்கு எதுக்குங்க குடிக்கோணும்?" என்றாள் மருதாத்தாள்.

"பட்டணத்தானுக்குப் பல்லு வெளக்க நேரமிருந்திருக்காது. நீ ஒண்ணாம் நம்பரக் குடி."

"நீங்க மொதல்ல ஒசத்தியானதக் கண்டுபிடிங்க. நான் பொறவு அத மட்டும் குடிக்கறனுங்க."

பொங்கியண்ணன் வீட்டில் யாரும் எதையும் எச்சில் வைத்துக் குடிப்பதில்லை. பத்துப் பேர் வாய்வைத்த பட்டணத்துக் குவளையில் உதடு படலாமா? ஒண்ணாம் நம்பரை ஒரு முழம் உயரத்தில் தூக்கினார். அண்ணாந்தார். ஊற்றினார். ஒயின் நாக்கை எட்டிப் பார்க்காமல் நேரே தொண்டைக்குப் போயிற்று. கொஞ்சம் சட்டைக்குப் போயிற்று.

"எப்பிடீங்க இருக்குது?"

"தண்ணியாட்டம் இருக்குது."

இரண்டும் அப்படித்தான். மூன்றும் அப்படித்தான். ஆறாவது முடிந்தபோது சட்டை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பொங்கியண்ணனும் லேசாக ஆடிக்கொண்டிருந்தார். ஊற்றிக் கொடுத்த பெண்ணால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"சேட்டா, அங்ஙனெ ஒழிக்கல்லே! வாயில் வெக்கணம்!" என்று மலையாளத்தில் கத்தினாள். அப்படி ஊற்றக் கூடாது, வாயில் வைக்க வேண்டும் என்று அர்த்தம்.

பொங்கியண்ணன் குலதெய்வத்திடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டார். ஏழாம் நம்பரை உதட்டில் வைத்தார். உறிஞ்சினார். ஆஹா! இனிப்பு, புளிப்பு, கிராம்பு வாசம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நாக்கில் உட்கார்ந்தன. அன்றைக்கு அவர் நாக்கில் பட்ட முதல் ஒயின் அதுதான் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. எட்டையும் ஒன்பதையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டை வாங்கினார். கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஏழுக்கு ஈடு இணை கிடையாது. எங்கள் ஊர் செபாஸ்டின் ஒயின் இதற்கு முன்னால் கழுநீர்.' கீழே கையெழுத்தும் போட்டார்.

மூன்று மணிக்குப் பாட்டில்களின் காகிதத்தைப் பிரித்தார்கள். ஏழாம் நம்பரில் செபாஸ்டின், கொழிஞ்சாம்பாறை என்று எழுதியிருந்தது. அது போதாதென்று, தமிழ் தெரிந்த ஒரு புண்ணியவான் பொங்கியண்ணனின் சீட்டை மைக்கில் படித்தார். மண்டபமே சிரித்தது. கூட்டத்திலிருந்து செபாஸ்டின் பாய்ந்து வந்து கட்டிக்கொண்டார்.

"பொங்கியண்ணா! எனக்காக இவ்வளவு தூரம் வந்தீங்களா!"

"வராம இருப்பனா?" என்றார் பொங்கியண்ணன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

செபாஸ்டின் கையில் திணித்த ஏழாம் நம்பர் பாட்டிலோடு படகேறி, கொச்சிக் கோட்டைக் கடற்கரையில் போய் உட்கார்ந்தார்கள். மருதாத்தாள் சேலையை நனைத்துக்கொண்டு அலையில் நின்றாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். பொங்கியண்ணன் பெருமூச்சு விட்டார்.

"நீ சொன்னது மெய்தான் புள்ள. செபாஸ்டின் ஒயினுதான் ஒசத்தி. உன்ற நாக்குக்கு இருக்கற அறிவு எனக்கில்ல."

"அப்பிடீங்களா? எப்பிடீங்க இருந்துச்சு? இனிப்பா, பொளிப்பா?"

"என்னக் கேக்கறே? ஒண்ணர மாசமாக் குடிச்சவ நீதான?"

"அய்ய! அந்தக் கருமத்த ஆருங்க குடிப்பா? அந்தப் பாட்டலு மூடி தொறக்காம பருப்பு டின்னுக்குப் பின்னால கெடக்குது."

பொங்கியண்ணனுக்குக் குடித்த ஏழின் போதையும் இறங்கிவிட்டது.

"பொறவு எதுக்குடி ஒண்ணர மாசமா அதப் பத்தியே பேசி என் உசுர வாங்குனே?"

மருதாத்தாள் கடலைக் காட்டினாள். "பதினோரு வருசமாக் கூப்புட்டனுங்களே, வந்தீங்களா?"

அவள் சேலையைப் பிழிந்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நம்ம தெக்காலத் தோட்டத்துக் குப்பண்ணன் மைசூரு போயி ஒரு சோப்பு வாங்கியாந்திருக்கறாருங்க. அதோட வாசம் இருக்குதே..."

பொங்கியண்ணனுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.