கடைசி பெஞ்சில் ஒருவன்

சுண்ணாம்பு காய்வதற்குள்ளேயே சண்டைக்கு ஆள் வந்துவிட்டது.

மோந்தேரோசோ மடத்துக் கோயில் சுவரில் புனித அகுஸ்தினார் பாடம் சொல்லும் காட்சியை நெல்லோ வரைந்துகொண்டிருந்தான். மாணவர்கள் எல்லாரும் கண்கொட்டாமல் கேட்டால் படம் சப்பென்று இருக்குமே என்று, கடைசி பெஞ்சில் ஒருவனைத் தூங்கவிட்டிருந்தான். யாரையும் பார்த்து வரையவில்லை, சும்மா கற்பனைதான். திருவிழாவுக்கு, அந்த வட்டாரக் கோயில்களுக்கெல்லாம் தலைவரான ஆயர் வருகிறார். படம் அவருக்குப் பிடித்துப்போனால் பேராலயத்துப் பெரிய சுவர் நெல்லோவுக்கு. அந்தச் சுவருக்காக அவன் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

"தம்பி, அந்தத் தூங்குமூஞ்சி நான்தானே?" என்றார் சாரத்துக்குக் கீழே நின்ற துணி வியாபாரி பிந்தோ. "அது எங்க பரம்பரை மூக்கு. ஆயர் சாமி முன்னாடி என் மானத்த வாங்கப் பாக்குறியா?"

மடத்துக்கு அள்ளிக் கொடுக்கிறவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா? பேசி முடிப்பதற்குள் பூச்சு காய்ந்துவிட்டது, காய்ந்த பூச்சில் நிறம் ஒட்டாது. முகத்தைக் கொத்தி எடுத்து, ஈரச் சுண்ணாம்பு பூசி, அது காய்வதற்குள் அவசர அவசரமாக மூக்கைச் சப்பையாக்கினான்.

மறுநாள் பத்திரம் எழுதும் லாப்போ வந்து நின்றார். ஊரில் சப்பை மூக்கு அவருக்கு மட்டும்தானாம். மறுபடி கொத்தல், மறுபடி பூச்சு. இந்தத் தடவை தாடி வைத்தான். உடனே மாவு அரைக்கிற கெரார்தோ, தன் தாடியைத் தடவிக்கொண்டே மனைவியோடு வந்துவிட்டார்.

"அச்சு அசல் இவருதான்," என்றாள் அந்த அம்மாள், பூரித்துப்போய். "பிரசங்கம் ஆரம்பிச்சா வாய் இப்படித்தான் பொளந்துக்கும்."

நெல்லோவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. முகம் இருந்தால்தானே வம்பு? கொத்தி எடுத்துவிட்டு, முகம் முழுவதையும் மறைக்கிற மாதிரி ஒரு தொப்பியைக் கவிழ்த்தான். இனி எவன் வருவான் பார்க்கலாம் என்று ரொட்டியும் வெங்காயமும் தின்ன உட்கார்ந்தான்.

மூன்று பேரும் சேர்ந்தே வந்தார்கள்.

"மூஞ்சி இருந்தப்ப யாரோ ஒருத்தன்தான் மாட்டினான்," என்றார் லாப்போ. "இப்ப ஊரே மாட்டிக்கிச்சுப்பா."

அவர் சொன்னதில் தப்பில்லை. மடத்துத் தலைவரின் பிரசங்கத்தில் தூங்காத ஆண்பிள்ளை அந்த ஊரில் கிடையாது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து, தொப்பிக்குள் இருப்பது தன் புருஷன்தான் என்று ஆளுக்கொரு அடையாளம் சொல்லிச் சிரித்தார்கள். கோயிலே கல்யாண வீடாகிவிட்டது. மடத்துத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

இன்னொரு முறை கொத்த நேரமில்லை, ஆயர் வந்துவிட்டார். புனிதரின் உயர்த்திய கையையும் விரித்த புத்தகத்தையும் பார்த்துத் தலையாட்டினார். கடைசி பெஞ்சுக்கு வந்ததும் அவர் முகம் மாறியது. கூட வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். போச்சு, சுவரும் போச்சு, பிழைப்பும் போச்சு என்று நெல்லோ தூரிகைகளைப் பொறுக்கி மூட்டை கட்டத் தொடங்கினான்.

ஆயர் அவன் காதருகே குனிந்தார்.

"பேராலயத்துச் சுவர் உனக்குத்தான், வெளிய மூச்சு விடாத. ஆனா பொலோன்யாவுல படிக்கிறப்ப நான் தொப்பிய இப்படிக் கவுத்துக்கிட்டுத்தான் தூங்குவேன்னு உனக்கு யாருப்பா சொன்னது?"