ஒற்றைக் காலில் நிற்கும் வயது

தன் அப்பாவை இந்த உலகத்தில் முழுமையாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் தான்தான் என்று நிராசாகி தெட்சுவோ தொலைபேசியில் தங்கையிடம் அறிவித்தார். அறிவிக்கும்போது அவருடைய இடது காலில் தன் கறுப்புக் காலுறையும் வலது காலில் அப்பாவின் பழுப்புக் காலுறையும் இருந்தன.

"முப்பத்தெட்டு வருஷம் ஒரு நிமிஷம் தாமதமில்லாம ரயில் ஓட்டினவன் நான். அப்பா ஒருத்தரைப் பார்த்துக்க, உதவி ஏற்பாடு பண்ற கேர் மேனேஜர் எதுக்கு?"

"அப்பாவுக்குத் தொண்ணூத்தொண்ணு ஆச்சுண்ணா," என்றாள் நகோயாவிலிருந்த கிமியே. "ஏற்கெனவே ஒருத்தங்களை ஏற்பாடு பண்ணிட்டேன். செவ்வாய்க்கிழமை வருவாங்க."

"வரட்டும். அப்பா வாயே திறக்க மாட்டார்."

வந்த பெண்ணின் பெயர் ஓரிஹாரா. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து, அப்பாவின் நாற்காலி அருகே மண்டியிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?" என்று கேட்டார். அறுபத்தேழு வருடங்களாக மகனிடம் "ம்" என்ற ஒரே எழுத்தில் உறவு கொண்டாடிவந்த ஷிகெஜி, ஒரு மணி நேரம் பேசினார். நடுவில் சிரிக்கவும் செய்தார்.

தெட்சுவோ மூன்று முறை தேநீர் கொண்டுபோனார். மூன்று முறையும் பேச்சு நின்றது. மூன்றாவது கோப்பையில் வெறும் வெந்நீர்தான் இருந்தது. ஓரிஹாரா அதையும் நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டார்.

"அப்படி என்னப்பா பேசினீங்க?"

"ம்."

மறு செவ்வாய் அப்பா சவரம் செய்து டை கட்டிக்கொண்டார். தெட்சுவோ தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த டை. இத்தனை வருடத்தில் அது பெட்டியைவிட்டு வெளியே வந்ததில்லை.

தெட்சுவோ விட்டுக்கொடுக்கவில்லை. சுட்ட விலாங்குமீன் வாங்கிவந்தார்.

"பாதியை அந்தப் பொண்ணுக்கு எடுத்து வை," என்றார் அப்பா.

தெட்சுவோ எடுத்து வைத்த பாதி காணாமல் போனது. இரண்டு நாள் கழித்து வாசனையைப் பிடித்துக்கொண்டே போன அப்பா, அதைச் செருப்பு அலமாரியில் கண்டெடுத்தார்.

அடுத்த வாரம் காகிதக் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டார் தெட்சுவோ. கதவு காகிதம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காது அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

"நல்லாக் கேக்குதா?" என்றார் அப்பா. அந்த மாதத்தில் மகனிடம் அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

அவரை விரட்டத் தெட்சுவோவுக்கு வழி காட்டியது ஓரிஹாராவேதான். "உதவி தேவையான்னு பார்க்க வெள்ளிக்கிழமை நகராட்சியிலேர்ந்து ஆய்வாளர் வருவார்."

"உதவி தேவையில்லைன்னு அவர் எழுதிட்டா?"

"அப்புறம் எனக்கு இங்க வேலையிருக்காது."

தெட்சுவோ உடனே தங்கையை அழைத்தார். "ஆய்வாளரைப் பார்த்தா எல்லாக் கிழங்களுக்கும் திடீர்னு இளமை திரும்பிடும். என் சிநேகிதனோட அப்பா ஒத்தக் கால்ல நின்னு காட்டினாராம். வெக்கங்கெட்ட பொழப்பு. ஆனா அந்த வியாதிதான் நம்ம அப்பாவுக்கு இப்ப வரணும்."

மூன்று நாள் பயிற்சி. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஷிகெஜி ஒற்றைக் காலில் நின்றார், கை தூக்கினார், தேதி சொன்னார். மறுபேச்சே இல்லை. அது தெட்சுவோவுக்குச் சந்தேகத்தை உண்டாக்கியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஆய்வாளர் வந்தார். அப்பா டையுடன் நாற்காலியில் இருந்தார்.

"எதை வேணாலும் கேளுங்க சார், டக்குனு சொல்வார். இவருக்கு எந்த உதவியும் வேண்டாம்," என்றார் தெட்சுவோ.

ஆய்வாளர் கோப்பைப் பார்த்தார். பிறகு தெட்சுவோவின் கால்களைப் பார்த்தார். இன்றும் ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

"உதவி தேவைப்படறவர்னு விண்ணப்பத்துல இருக்கிறது உங்க பேர் சார். கொடுத்தது உங்க அப்பா. 'எனக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க'ன்னு வாராவாரம் ஓரிஹாரா மேடத்துக்கிட்ட அதே பேச்சுதானாம். சரி, இன்னைக்கு என்ன தேதின்னு சொல்லுங்க."

தெட்சுவோ அப்பாவைப் பார்த்தார்.

"ம்," என்றார் அப்பா.

தெட்சுவோ வயிற்றை உள்ளே இழுத்து நிமிர்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, பழுப்புக் காலுறை போட்ட காலைச் சத்தமில்லாமல் தரையிலிருந்து தூக்கினார்.