நெபுலாவுக்கு இரண்டு சாட்சி

சாய்ந்தமருது,
புதன்கிழமை.

அன்பு மகள் நுஸ்ரத்துக்கு, வாப்பா மீராசாஹிபு ஸலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். உம்மா சுகம், என்னைப் பற்றிச் சத்தியம் செய்ய மாட்டேன். போனில் கதைத்தால் அவளுக்குக் கேட்டுவிடும் என்பதால் தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். வாசித்ததும் அழித்துவிடு.

நீ சம்மதித்த மாப்பிள்ளை அக்ரமின் வாப்பா, நிந்தவூர் பளீல் ஹாஜியார், உனக்கென்று நாங்கள் கட்டிய மேல்மாடியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்தார். மாடி பிடித்தது, குளியலறை பிடித்தது, உம்மாவின் வட்டிலப்பமும் இரண்டாம் துண்டுவரை பிடித்தது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். மகள் ஜேர்மனியில் என்ன படிக்கிறாள் என்று அவர் கேட்க, நீ அனுப்பிய படத்தைப் போனில் காட்டி, வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் நடுக்கருவுக்குப் பல்சார் என்று பெயர், பிறந்து ஆயிரம் வருடமே ஆன இந்தக் குழந்தை ஒரு செக்கனில் பதினைந்து தடவை சுற்றுகிறது, அது வீசும் காற்றில்தான் சுற்றியிருக்கும் நெபுலா என்ற மேகம் எக்ஸ்றே ஒளியில் மின்னுகிறது, இதை என் மகள்தான் கண்டாள் என்று, டிப்போவில் பஸ் அறிவிக்கும் குரலில் அறிவித்துவிட்டேன். முப்பது வருடம் ரைம்கீப்பராக இருந்தவனுக்கு வேறு குரல் வராது. அவர், பிறை கண்டோம் என்று வருகிறவர்களின் சாட்சியை விசாரிக்கும் இந்தக் கரையோரத்துப் பிறைக்குழுவில் இருபத்தெட்டு வருடமாக இருப்பவர் என்பது அந்த நேரம் மறந்துபோனது.

“கண்ணாலயா கண்ட?” என்றார்.

நீ சொல்லித் தந்தபடியே சொன்னேன்: அந்த ஒளியைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும், தரையில் நின்று ஒருவருக்கும் தெரியாது, விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கிதான் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பும்.

“அப்ப இந்த நீலம்?”

“அது நாம பாக்கிறதுக்காகக் கொம்பியூட்டர்ல போட்ட நிறம் எண்டு மகள் சொன்ன.”

“நிறமும் போட்டதுதானா.” தட்டைக் கீழே வைத்தார். “மீராசாஹிபு, காணாததக் கண்ட எண்டு சொல்ற ஆக்கள நான் ஒவ்வொரு நோன்புப் பிறைக்கும் வட்டைக்குள்ள, வயல்வரம்புல பாக்கிறன். அப்பிடி ஒரு மருமகள் வேணுமா எண்டு யோசிக்கணும்.”

“இல்ல ஹாஜியார், பிறகு ஒருநாள் அவ ரெண்டு கண்ணாலயும் கண்ட. அவட புரொபசரும் பக்கத்துல நிண்டு கண்ட” என்று என் வாய் தானாகச் சொன்னது. அவர் விடவில்லை. எந்த இடத்தில் நின்று, எந்தத் திசையில், பொழுது மறையும் மஃரிபுக்கு எவ்வளவு நேரம் பின்னால் என்று கேட்டார். வயல்வரம்பில் நின்று, மேற்கே, பத்து நிமிடம் என்றேன். ஜேர்மனியில் ஏது வயல்வரம்பு என்று கேட்காதது என் நல்ல காலம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு முடிவு சொல்வதாகப் போய்விட்டார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கேற் சத்தம் கேட்டால் பின்கதவால் கிணற்றடிக்குப் போய்விடுகிறேன். ஒன்றும் அறியாத உம்மா மேல்மாடிக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஆகையால் கெஞ்சிக் கேட்கிறேன். ‘இதை என் கண்ணால் கண்டேன்’ என்று பல்கலைக்கழகத் தாளில் ஒரே ஒரு வரி எழுதி, நீயும் புரொபசரும் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பு. புரொபசர் வேறு மார்க்கம் என்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, நீயும் திறக்காதே. சாட்சி விசயத்தில் வாப்பா சொன்னால் கேள். கரைவாகு வட்டையில் வயல்வரம்பில் நின்று இரண்டு தரம் பிறை கண்டு, பள்ளிவாசலில் பெயர் வாசிக்கப்பட்டவன் நான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் எனக்கு வெள்ளிக்கிழமையைத் தாண்டும் பலத்தையும் தருவானாக.

உன் வாப்பா.

பி.கு.: தாளைப் படம்பிடிக்கப் போகையில் கேற் திறந்தது. இன்றைக்கே ஹாஜியார் வந்து நிற்கிறார். நேற்று அக்ரமிடம் நம்பர் வாங்கி உன்னோடு நேரே கதைத்து, கண்ணால் கண்டாயா என்று கேட்டாராம். “இல்ல மாமா, நானும் காணல்ல, புரொபசரும் காணல்ல. நெபுலாவுக்குள்ள ஒரு கீற்று இரிக்கிற மாதிரித் தெரியுது, ஆனா எண்ணின துகள் போதாது, இரிக்கி எண்டு எழுத இன்னும் மனம் வரல்ல” என்றாயாம். “இருபத்தெட்டு வருசத்துல, காணல்ல எண்டு எனக்கிட்டச் சொன்ன முதல் ஆள் உங்கட மகள்தான்” என்றார். நிக்காஹ், நோன்புப் பெருநாள் கழிந்து ஷவ்வால் பத்தில். நான் அழுதுவிட்டேன். அந்த ஒரு வரி வேண்டாம், மகள். போகும்போது வாசலில் திரும்பி நின்று, “மீராசாஹிபு, இனிமே பிறை பாக்க நீங்க வட்டைக்கு வரத் தேவையில்ல” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.