பல்லின் மேல் ஒரு புள்ளி

மனித குலத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு சக்கரம் என்று சொல்கிறவர்கள், சக்கரத்தைக் கிட்டே நின்று பார்த்தவர்கள். தள்ளி நின்று பார்த்தால் அதுவும் புள்ளிதான்.

இந்த உண்மையை உலகுக்குச் சொல்வதற்கென்றே எழுத்துரு வடிவமைப்பாளர் ஒருவர் பிறந்திருந்தார். பழைய பிரின்டர்கள் கறகறவென்று அடித்துத் தள்ளிய ரசீதுகளிலும், பஸ்களின் நெற்றியில் ஓடும் பலகைகளிலும் புள்ளி புள்ளியாய் ஓர் எழுத்து வருமே, அந்த ஜாடையில் தமிழுக்கு ஒரு ஃபான்ட் செய்திருந்தார். வீட்டு டப்பாக்களில்கூட அந்த எழுத்துதான். சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்ட காபியைக் குடித்த நாளிலிருந்து அவர் மனைவி அவரைப் 'பெரும்புள்ளி' என்று கூப்பிட்டாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மனைவியின் அண்ணன் பல் டாக்டர். அவருடைய புது கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்குப் பெரும்புள்ளியின் எழுத்து வந்து சேர்ந்தது. மஞ்சள் ஸ்டிக்கரை வட்ட வட்டமாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியாக ஒட்டிய மூன்று வரிகள். மேலே 'வலியில்லாமல்'. நடுவில், கைப்பிடிக்குப் பக்கத்தில், பெரிதாக 'பல்'. கீழே 'பிடுங்கப்படும்'.

கட்டட மானேஜர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வந்து இன்னொரு தடவை பாக்குறேன். அப்பவும் நல்லா இருந்தா இந்தக் கட்டடத்துல இருக்குற எல்லாக் கதவும் உங்களுக்குத்தான்."

மறுநாள் மதியம் மச்சான் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, பல்லுல புள்ளி இல்லை."

"நல்ல விஷயம்தானே? சொத்தை இல்லைன்னு அர்த்தம்."

"போர்டுல மாப்பிள்ளை! 'வலியில்லாமல் பல பிடுங்கப்படும்'னு நிக்குது. ஒருத்தர் படிச்சுட்டு, 'எனக்கு ஒண்ணுதான் வலிக்குது'ன்னு வாசலோட போயிட்டாரு."

பெரும்புள்ளி ஓடினார். மற்ற புள்ளிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. 'ல்' தலைமேல் இருந்த ஒற்றைப் புள்ளி மட்டும் மாயம். வேறெங்காவது ஒன்று உதிர்ந்திருந்தால் விபத்து. அர்த்தத்தையே புரட்டிப்போடும் இடமாகப் பார்த்து எடுத்திருக்கிறான் என்றால், இலக்கணம் தெரிந்த எதிரி.

"என் புள்ளியில கை வைக்கிறவன் மனுசனா? கை சும்மா இருக்காத ஜென்மம்!" என்றார், பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கேட்கும்படி.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னையா சொல்றீங்க?"

"நான் பேரைச் சொன்னேனா?"

"நான் எதுக்கு சார் எடுக்கப் போறேன்? உங்க எழுத்தைப் படிச்சுப் பார்த்துட்டு, கண்ணு போச்சுன்னு பாதிப் பேர் நேரா என் கடைக்குத்தான் வர்றாங்க. நீங்க நல்லா இருக்கணும் சார்."

இவ்வளவு நல்லபடியாக ஒருவன் பேசினால் அவன் பையில் புள்ளி இருக்கிறது என்று அர்த்தம். பெரும்புள்ளி சந்தேகத்தை உறுதி செய்துகொண்டார்.

புதுப் புள்ளியைச் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு வெட்டி ஒட்டினார். பெரிதாக இருந்ததால் அது இன்னும் சீக்கிரமாகவே காணாமல் போனது.

"எத்தனைதான் எடுப்பான், பாத்துடலாம்" என்று அதே இடத்தில் மூன்று புள்ளிகளை நெருக்கமாக ஒட்டிவிட்டு வந்தார். சாயந்திரம் மீண்டும் போன்.

"மாப்பிள்ளை, மூணு புள்ளியைச் சேர்த்து வச்சா தமிழ்ல அது வேற எழுத்து. 'பலஃ'னா என்ன வியாதின்னு ஒரு அம்மா கேக்குறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க மச்சான்?"

"ஆரம்பத்துலயே வந்தா குணப்படுத்திடலாம்னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்றது?"

மறுநாள் அந்த மூன்றையும் காணோம்.

வேறு வழியில்லை. மறுபடியும் ஒன்றை ஒட்டிவிட்டு, எதிர் மாடிப்படியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காவல் உட்கார்ந்தார். கன்னத்தைப் பிடித்தபடி ஆட்கள் கிளினிக்குக்கு வந்தார்கள், கதவருகே நின்றார்கள், தயங்கினார்கள், சிலர் திரும்பியே போனார்கள். 'ஒரு பல்லுக்குப் போய் இப்படியா? தொடைநடுங்கிப் பசங்க' என்று ஏளனமாக நினைத்துக்கொண்டு, கண்ணைக் கண்ணாடிக் கடைக்காரர் மேலேயே வைத்திருந்தார். கடைக்காரர் சாயந்திரம் வரை தன் மூக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. புள்ளி போயிருந்தது.

நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் நர்ஸ் மேலும் சந்தேகம் இருந்தது. மச்சான் மேல் இருந்தது. அன்றைக்குக் காரணமில்லாமல் சிரித்த மனைவி மேல்கூட இருந்தது.

"ஒரு புள்ளிக்கு இப்படியாங்க பல்லைக் கடிப்பீங்க?" என்றாள் அவள்.

"ஒரு புள்ளியா? ஒரு கட்டடமே போகுதுடி! நாளைக்கு வெள்ளிக்கிழமை!"

சொல்லிவிட்டு இன்னும் பலமாகக் கடித்தார். 'கடக்' என்றது. கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வீங்கிய கன்னத்தோடு கிளினிக்குக்கு வந்தார். முதல் வேலையாகப் புதுப் புள்ளிக்குப் பசை தடவி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். மானேஜர் வரும் நேரம்தான். அதற்குள் உள்ளே போய்ப் பல்லைக் காட்டிவிட்டு வந்துவிடலாம்.

கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினார்.

உள்ளே மச்சானின் கருவி 'உய்ய்ய்ங்' என்று பாடியது. யாரோ "ஆ" என்றார்கள். பிறகு கொஞ்சம் நீளமாக, "ஆஆ".

கை கைப்பிடி வரை போகவில்லை. தலையை நிமிர்த்தி, 'வலியில்லாமல்' என்ற தன் எழுத்தையே ஒரு முறை படித்தார். அழகாக இருந்தது. நம்பிக்கைதான் வரவில்லை. நின்றார். கருவி நின்றது, அப்பாடா என்றிருந்தது. கருவி மறுபடியும் கிளம்பியது. இன்னும் கொஞ்சம் நின்றார்.

மாடிப்படியில் மானேஜரின் குரல் கேட்டது. அதே நேரம் நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"சுரண்டினது போதும், உள்ள வாங்க சார். வர்றவங்க எல்லாருமே அந்தப் புள்ளி கையோட வர்ற வரைக்கும் இங்கதான் நிப்பாங்க."