எட்டு மணி நேர மாப்பிள்ளை

பினாங்குத் தீவில் பெண் பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர். போன வீட்டில் பெண்ணைத் தேடாமல் பிளக் பாயிண்டைத் தேடிய ஒரே மனிதர் எங்கள் ஆம்பியர் அண்ணன்தான். இதை எந்தக் கோயிலிலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

எண்பதுகளில் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் கல்யாணமாகாத நாங்கள் ஐந்து பேர் குடியிருந்தோம். நான்கு பேருக்குப் பெயர் இருந்தது. ஐந்தாமவர் ஆம்பியர் அண்ணன். தினமும் ஃபெர்ரி ஏறி புக்கிட் தெங்காவுக்குப் போவார். அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிச் சார்ஜ் போடுவது அவர் வேலை. மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்கள். இவர் வேலையையும் கூடவே கூட்டி வருவார். அடுப்பில் சோறு வெந்ததா என்று கேட்டால், இன்னும் சார்ஜ் ஏறவில்லை என்பார்.

ஒரு நாள் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனிடம் கொடுத்துவிட்டு, கழித்துப் போட்ட ஒரு சின்ன ஃபோர்க்லிஃப்டின் மோட்டாரை அதில் பொருத்தினார். சீட்டுக்கு அடியிலும் இரு பக்கமும் கார் பேட்டரிகள். பெட்ரோல் வாடை இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. சில நாள் ஓட்டமும் இல்லை.

ஓடிய நாட்களில் வேறு தொல்லை. ரோட்டுப் பள்ளங்களில் பேட்டரி தளும்பி ஆசிட் சொட்டும். பின்னால் உட்கார்ந்து போனவனுடைய கால்சட்டையில் துவைத்த பிறகுதான் ஓட்டைகள் தெரியும். எங்கள் ஆபீசில், "நேத்து ஆம்பியர்கூட போனியா?" என்று கேட்பார்கள். கேள்வியை யாரும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை.

பிறகுதான் அந்தப் புதுப் பேட்டரி வந்தது. மூடி கிடையாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம், உள்ளே ஆசிட் ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும். வெளிநாட்டுச் சரக்கு. நான்கு வாங்கி வந்து தன் கட்டிலில் வைத்துவிட்டு அண்ணன் தரையில் படுத்துக்கொண்டார். மாடிக்கு வந்தவர்களுக்கெல்லாம், பச்சைப் பிள்ளையைக் காட்டுவது போல, அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார்.

இந்த நேரத்தில் நிபோங் திபாலில் இருந்த அவருடைய அக்கா, பாலிக் புலாவில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். மாப்பிள்ளை போய் முகத்தைக் காட்டுவதுதான் பாக்கி. அதில்தான் சிக்கல். அதுவரை போன வீடுகளிலெல்லாம் அண்ணன் பேட்டரியைப் பற்றிப் பேசியிருந்தார். யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அக்கா எங்கள் மாடிக்கே ஏறி வந்து சொன்னார்: "இதான் கடைசி. இதுவும் போச்சுன்னா என்னால முடியாதுலா. டாக்சியில போ, காப்பியக் குடி, அரை மணியில எழுந்து வா. பேட்டரின்னு ஒரு வார்த்தை வாயில வரக் கூடாது." என்னையும் துணைக்குப் போகச் சொன்னார். பேச்சு பேட்டரிப் பக்கம் திரும்பினால் நான் இரும வேண்டும். பொறுப்பான வேலைகளை என்னிடம் ஒப்படைப்பவர்கள் குறைவு. மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

அண்ணனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், டாக்சியைத் தவிர.

பாலிக் புலாவுக்கு ஒரு மலையைத் தாண்ட வேண்டும். ஏறுவதற்குப் பேட்டரி, இறங்குவதற்கு மலை என்று அண்ணன் கணக்குப் போட்டார். கணக்கில் உதைத்தது நான். கீழ்க்கடை அரிசித் தராசில் என்னை ஏற்றி, முள்ளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எடையைக் குறைக்க வண்டியின் மட்கார்டு, கண்ணாடி, சாமான் கூடை எல்லாவற்றையும் கழற்றினார். என்னிடம் கழற்ற ஒன்றுமில்லாததால் காலையில் பசியாறாமல் வரச் சொன்னார். நானும் பசியாறவில்லை. ரொட்டி சானாய் மட்டும்தான், நான்கு.

அந்த நான்கும் மலையின் கடைசி வளைவில் வேலையைக் காட்டின. வண்டி நின்றது. இறங்கி உச்சி வரை தள்ளினேன். அந்தப் பக்கம் இறக்கம், காற்றாகப் போனோம். இறக்கத்தில் என் எடை வண்டிக்கு உதவியது என்பதை அண்ணன் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

பெண் வீட்டில் மோட்டார் சத்தத்துக்காகக் காத்திருந்தார்களாம். சத்தம் கேட்டதும் பெண் சேலை மாற்றுவது, அப்பா சட்டை போடுவது என்று ஏற்பாடு. நாங்கள் சத்தமே இல்லாமல் வாசலில் போய் நின்றபோது பெண் பழைய கைலியும் தலையில் துண்டுமாகத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரிய கிராணி, யாழ்ப்பாணத்து வம்சம். பனியனோடு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

பெண் திரும்பிப் பார்த்தார். "யார் வேணும்?"

அந்தக் கேள்விக்கு அண்ணன் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம்.

"பிளக் பாயிண்டு இருக்குங்களா?" என்றார்.

நான் இருமினேன்.

பெண் வண்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "பதிமூணு ஆம்பியரா, பதினஞ்சா?"

அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வார்த்தையை இன்னொருவர் முந்திக்கொண்டு சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வண்டிக்கு ஹாலிலிருந்து ஒயர் போனது. காப்பி வந்தது. சட்டை போட்டுக்கொண்டு அப்பா வந்தார், சேலை கட்டிக்கொண்டு பெண் வந்தார். அரை மணி ஆனது. வழக்கப்படி நாங்கள் எழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். எழவில்லை.

"தம்பி, உங்க மோட்டார் எப்ப ரெடியாகும்?" என்றார் கிராணி.

"எட்டு மணி நேரம், அங்கிள்."

பெண் பார்க்கிற சடங்கு அரை மணி நேரத்துக்கென்று ஏற்பட்டது. அரை மணி நேரம் யாராலும் நல்லவராக இருக்க முடியும். அதற்கு மேல் தாங்காது. முதலில் கிராணி சட்டையைக் கழற்றினார். பிறகு தாயும் மகளும் குழம்பு உப்புக்காகக் குசினியில் சண்டை போட்டது ஹாலில் தெளிவாகக் கேட்டது. மத்தியானச் சோறு போட்டார்கள். எனக்காக இன்னொரு முறை உலை வைத்தார்கள். சாப்பிட்டதும் கிராணி சாய்வு நாற்காலியில் குறட்டை விட்டார்.

அண்ணன் பேட்டரியைப் பற்றி ஆரம்பித்தார். நான் இருமினேன். அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை. பெண் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, வேலை பார்ப்பவர். என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எத்தனை வாரமா இந்த இருமல்? நாளைக்குக் காலையில சளியை ஒரு டப்பால எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க." அவருடைய அம்மா என் டம்ளரை எடுத்துத் தனியாக வைத்தார். அதோடு என் காவல் முடிந்தது.

"கவுத்தாலும் கொட்டாதுங்க" என்றார் அண்ணன்.

"சார்ஜ் தீரப் போவுதுன்னு முன்னாடியே சொல்லுமா?"

"சொல்லாது. நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், திடீர்னு நின்னுரும்."

"எங்க வார்டுல பாதிப் பேரு அப்படித்தான்."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. தகவலாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கிராணி விழித்தார். எழுந்து போய் வாசல் சுவரில் இருந்த கரண்டு மீட்டரைப் பார்த்தார். அதன் தகடு அந்த வீட்டில் அதுவரை சுற்றாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வேலை பார்த்த காலத்தில் ஆபீஸ் விளக்குகளைத் தானே அணைத்துவிட்டுக் கிளம்பிய மனிதர். உள்ளே வந்து சுவிட்சை அணைத்தார்.

"போதும் தம்பி, மழை வரும்போல. கிளம்புங்க. யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்."

அந்தக் கடைசி வாக்கியம் அண்ணனுக்குப் பழகியது. எழுந்தார். ஒயரைச் சுருட்டக் குனிந்தார். சுருட்டச் சுருட்ட அது முடியவே இல்லை. பேட்டரியில் பாதிதான் ஏறியிருக்கும், மலை தாண்டாது. அக்காவிடம் என்ன சொல்வது என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

அந்தப் பெண் எழுந்து வந்தார். அண்ணன் கையிலிருந்த ஒயரை வாங்கிக் கீழே வைத்தார். அப்பாவைத் தாண்டிப் போய்ச் சுவிட்சைத் திரும்பப் போட்டார். பிறகு குசினிக்குப் போய் ஒரு காப்பி கலந்து கொண்டுவந்தார். அண்ணனுக்கு மட்டும்.

கிராணி மகளைப் பார்த்தார். சுவிட்சைப் பார்த்தார். கழற்றிய சட்டையை எடுத்துப் போட்டு, மேல் பித்தான் வரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்காவ ஒருக்கா வரச் சொல்லுங்க தம்பி" என்றார்.

சாயங்காலம் பேட்டரி நிறைந்தது. இருந்தாலும் இந்தப் பக்கத்து ஏற்றம் அதிகம் என்று சொல்லி அண்ணன் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரிக்கும் போனேன்; சளி சுத்தம். பிறகு அக்காவிடமிருந்து கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. மாப்பிள்ளையின் பெயரைப் படித்துவிட்டு, யாருக்கோ வந்தது என்று தபால்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

சில வருடங்களில் மிஸ்ஸிக்கு நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் ஜொகூருக்கு மாற்றலானது. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். "பேட்டரி இன்னும் கொஞ்சம் முன்னேறட்டும் தம்பி, அங்கேருந்து இதுலயே வந்து நிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன்.

போன வாரம் பேப்பரில் படித்தேன். எலக்ட்ரிக் மோட்டார் சைக்கிளுக்குப் புது மாதிரி பேட்டரி வந்திருக்கிறதாம். அரை மணியில் சார்ஜ் ஏறிவிடுமாம். நல்ல வேளை, அன்றைக்கு அது இல்லை; இருந்திருந்தால் காப்பி குடித்த கையோடு எழுந்து வந்திருப்போம்.

ஆனால் இப்போது வந்துவிட்டதே. அண்ணன் சொன்னால் செய்கிறவர். சத்தமில்லாத வண்டி, வாசலில் வந்து நின்றாலும் எனக்குத் தெரியாது. அதனால் சாயங்காலமானால் கதவைத் திறந்தே வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.